ரெண்டு கிலோ களிமண்

செமஸ்டர் லீவில் நாங்கள் மூன்று பேரும் ஒரே போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தோம். எலும்பும் தோலுமாக ஒரு பெரியவர், பக்கத்தில் அவரைவிட உயரமாக ஒரு மண் குதிரை. கேப்ஷன்: 'வாழும் வரலாறு'. விழுந்த ஹார்ட்டுகளைப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனால் போட்டோ எடுத்து முடித்ததும் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை யாரும் ஸ்டேட்டஸில் போடவில்லை.

"இத செல்லுல போட்டா காசு வருமாமே தம்பி, எவ்வளவு வரும்?"

எங்களுக்கெல்லாம் வராது தாத்தா என்றோம்.

"அப்ப எதுக்கு இத்தன போட்டோ?"

சிரித்துச் சமாளித்தோம். இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அவர் பேரையும் ஊரையும் இங்கே போடவில்லை. அதுவும் அவர் சொன்னதுதான்: "பேரப் போட்டுறாதீங்க, லோன்காரன் தேடி வந்துருவான்." அது ஜோக்கா இல்லையா என்று இப்பவும் எனக்குத் தெரியாது.

மே மாசம். அறந்தாங்கியில் நண்பன் வீட்டில் தங்கிக்கொண்டு, ரெண்டு பைக்கில் ஆவுடையார்கோயில் போனோம். சிவில் பசங்களுக்கு அந்தக் கோயில் ஒரு தனி போதை. தாழ்வாரக் கூரையின் கொடுங்கையைக் கருங்கல்லில் செய்துவிட்டு, அதற்குள் மரச்சட்டம், கம்பி, ஆணி எல்லாம் இருப்பது போலவே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். செதுக்கியவன் கிடைத்தால் காலில் விழலாம் போல இருந்தது. செத்துப்போன கலைஞனை மதிப்பதில் ஒரு வசதி: அவன் நம்மை எதுவும் கேட்க மாட்டான்.

திரும்பும்போது ஷார்ட்கட் என்று கண்மாய்க் கரையில் இறங்கி வழி தவறிவிட்டோம். கரை முடிகிற இடத்தில் ஒரு அய்யனார் கோயில், பெரிய காட்டு மரங்கள், அதன் நிழலில் ரெண்டு வரிசையாக மண் குதிரைகள். முன்னால் இருந்தவை முழுசு. பின்னால் போகப் போக காது இல்லாதது, கால் உடைந்தது, வெறும் முதுகு மட்டும், கடைசியில் ஓட்டுச் சில்லுக் குவியல். இத்தனைக்கும் முன்னால், வாசலில், புத்தம்புது சிமெண்டு குதிரை ஒன்று. நீல எனாமல் பெயிண்ட். பீடத்தில் உபயதாரர் பெயர்கள், ஒரு சிங்கப்பூர் நம்பரும்கூட.

தண்ணி கேட்டு நுழைந்த முதல் வீடு தாத்தா வீடு. பிளாஸ்டிக் குடத்தில் இருந்துதான் மொண்டு கொடுத்தார். குயவர் வீட்டில் பிளாஸ்டிக் குடமா என்று நாங்கள் முழித்ததை அவர் கவனித்துவிட்டார். "மண்பானை தூக்குற வயசு தாண்டிருச்சு" என்று உள்ளே இருந்து பாட்டி குரல் வந்தது. இந்த விஷயத்தில் அந்த வீட்டில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. உறுத்தல் எங்களுக்குத்தான்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்குப் புரவியெடுப்பு பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: மழை பெய்யணும், பிள்ளை பிறக்கணும், நோய் தீரணும் என்று நேர்ந்துகொண்டவர்கள் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் வந்து வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணைக் கொடுப்பார்கள். இதுதான் பிடிமண். இது கைக்கு வந்தால் வேலை உறுதி. அவரும் விரதம் இருந்து ஆரம்பிப்பார். சுட்டு எடுத்த குதிரைக்குத் திருவிழா அன்றைக்குக் கண் திறந்து, மாலை போட்டு, கம்புகளில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்கு ஓடும். அதன் பிறகு குதிரை அங்கேயே வெயிலிலும் மழையிலும் நிற்கும். உடையும். யாரும் ரிப்பேர் பார்ப்பதில்லை. அடுத்த முறை புதுசு.

நாங்கள் போன அன்றைக்கு ஒரு குதிரை பாதி எழும்பியிருந்தது. நாலு கால், வயிறு, அவ்வளவுதான். கால்கள் எல்லாம் உள்ளே கூடான குழாய்கள். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்த மண். கால் ஓரளவு இறுகி, மேலே வருகிற பாரத்தைத் தாங்குகிற பதம் வந்த பிறகுதான் வயிறு. வயிறு இறுகிய பிறகு கழுத்து. அவசரப்பட்டால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். ரொம்பக் காயவிட்டால் புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. ஈரத்துணியைச் சுற்றி வைத்து அந்த இடைப்பட்ட பதத்தைப் பிடித்து வைத்திருந்தார். கான்கிரீட்டில் கோல்டு ஜாயிண்ட் என்று நாம் படிப்பதற்கு அண்ணன் தம்பி உறவு இது. உள்ளே ஒரு உருண்டைக் கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டி சுவரை மெலிதாக்கினார். கை போய்க்கொண்டே இருந்தது, வாய் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தது.

உமி எதுக்கு தாத்தா என்று கேட்டேன். "சூளையில அது எரிஞ்சு போயிரும். அது இருந்த எடத்துல பொடிப்பொடியா ஓட்டை விழும். ஆவி அது வழியா வெளிய போயிரும். இல்லைன்னா வெடிக்கும்." வயிற்றுக்கு அடியில் வேறு ஒரு பெரிய துளை. அதுவும் ஆவிக்குத்தான். சூளையை முதலில் மணிக்கணக்கில் வெறும் புகையிலேயே வைத்திருந்து, ஈரம் எல்லாம் போனது தெரிந்த பிறகுதான் தீயை ஏற்றுவாராம். எப்படித் தெரியும் என்றால், புகையின் நிறம் மாறுமாம். ஃபர்னஸில் டெம்பரேச்சர் ரேம்ப் வைப்பது என்று நாம் சொல்வதை அவர் மூக்காலும் கண்ணாலும் செய்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. புதுசாகக் கலந்த மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திரி உருட்டினார். மெலிதாக, இன்னும் மெலிதாக. உடையும் வரை உருட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்குது" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அந்த செமஸ்டரில்தான் சாயில் லேபில் அதே வேலையைச் செய்திருந்தோம். பிளாஸ்டிக் லிமிட் டெஸ்ட். கண்ணாடித் தட்டில் மண்ணை 3 மில்லிமீட்டர் திரியாக உருட்ட வேண்டும். அந்தத் தடிமனில் எந்த ஈரப்பதத்தில் உடைய ஆரம்பிக்கிறதோ அதுதான் லிமிட். ஐஎஸ் 2720, ஐந்தாம் பகுதி. இதை 1911ல் வகுத்தவர் அட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர். பின்னால் டெர்சாகியும் காசாகிராண்டேயும்தான் அதைக் கட்டுமானத் துறைக்குள் இழுத்து வந்தார்கள். வைவாவில் இந்தப் பேர்களைச் சொன்னால் மார்க். தாத்தா உருட்டியதற்குப் பேர்? 'பாரம்பரியம்'.

இந்த வார்த்தைமேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அட்டர்பெர்க் செய்தால் சோதனை, வேளார் செய்தால் பாரம்பரியம். 'ரத்தத்திலேயே ஊறியது' என்று வேறு சொல்கிறோம். தாத்தாவிடம் அதையே ஒருத்தன் சொல்லிவிட்டான். கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ரத்தத்துலயா? எங்கப்பா கையால வாங்குன அடி எனக்குத்தான் தெரியும். முத மூணு குதிரை சூளையிலயே போச்சு. எம்மவனுக்கும் இதே ரத்தந்தான், திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், ஒரு அகல் செய்யத் தெரியாது" என்றார். அடிபட்டு, தப்பு செய்து, திருத்திக் கற்றுக்கொண்ட அறிவை ரத்தத்தின் கணக்கில் எழுதுவது பாராட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது அவர் உழைப்பை ஒரே வார்த்தையில் அழித்துவிடுகிறது. கூடவே, இந்த வேலை இந்தச் சாதிக்கே உரியது என்ற பழைய ஏற்பாட்டுக்கும் பாலிஷ் போட்டுவிடுகிறது.

மகன் திருப்பூர் போனதை நினைத்து நான் அழப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் 'அடுத்த தலைமுறை வரவில்லையே' என்று ஒரு பாரா கட்டாயம் இருக்கும். எழுதுகிறவர் அந்த வேலைக்குத் தன் பிள்ளையை அனுப்பப்போவதில்லை. மாதாமாதம் சம்பளம் வருகிற இடத்துக்கு ஒருவன் போனான், அவ்வளவுதான். பேத்தி ப்ளஸ் டூ முடித்துவிட்டு எங்களிடம் கட்-ஆஃப் பற்றித்தான் கேட்டாள். சிவில் எடுக்கலாமா என்று அவள் கேட்டபோது நாங்கள் மூன்று சிவில் பசங்களும் கோரஸாக "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடும்மா" என்றோம். நாங்கள் யாருக்கு என்ன அறிவுரை சொல்ல?

சரி, சிமெண்டு குதிரைக்கு வருவோம்.

அது யார் செய்தது தாத்தா என்று கேட்டோம். வெளியூரில் இருந்து ஆள் வந்து கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்டு பூசி ரெண்டு வாரத்தில் முடித்துவிட்டார்களாம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினார்களாம். "நல்லாத்தான் இருக்கு. என்ன, ஒரு தடவ வச்சா வச்சதுதான். இனி அந்த ஊருலேர்ந்து எனக்குப் பிடிமண் வராது." முன்பு ஏழு ஊருக்குக் குதிரை செய்திருக்கிறார். இப்போது ரெண்டு ஊர்.

இந்த இடத்தில் என் படிப்புக்கும் என் மனசுக்கும் சண்டை வருகிறது. நாலு வருஷமும் நமக்குச் சொல்லித்தருவது ஒன்றுதான்: நிலைத்து நிற்கணும். டியூரபிலிட்டிக்கென்றே பாடம் இருக்கிறது. கவர் எவ்வளவு, துரு பிடிக்காமல் எப்படிப் பார்ப்பது, எத்தனை வருஷம் தாங்கும். நிலைக்காதது எல்லாம் ஃபெயிலியர். ஆனால் அந்தக் கண்மாய்க் கரையில், குதிரை உடைவதால்தான் ஊர் மறுபடி கூடியது. உடைவதால்தான் வெற்றிலை பாக்கோடு நாலு பேர் வேளார் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். உடைவதால்தான் முதல் மூன்று குதிரையை வெடிக்கவிட்ட பையன் நாலாவதைச் சரியாகச் செய்தான். நூறு வருஷம் நிற்கிற குதிரை என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் குதிரை செய்யத் தெரிந்த ஆள் தேவை. இடையில் அந்த ஆளும் இருக்க மாட்டார், அவருக்குத் தெரிந்ததும் இருக்காது.

ஊர்க்காரர்கள் மேல் தப்பு சொல்ல வரவில்லை. வருஷா வருஷம் வரி பிரிப்பது கஷ்டம், தூக்க இளவட்டங்கள் ஊரில் இல்லை, பாதி பேர் துபாயிலும் சென்னையிலும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாமிக்கு எந்தக் குதிரை பிடிக்கும் என்று முடிவு செய்ய நான் யார்? ஆனால் 'பழசு போய்ப் புதுசு வந்தது' என்று இதைச் சாதாரணமாகக் கடக்க எனக்கு முடியவில்லை. போனது குதிரை மட்டும் என்றால் மியூசியத்தில் ஒன்றை வைத்துவிடலாம். போவது குதிரை செய்கிற பழக்கம். அதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது?

கிளம்பும்போது தாத்தா எங்கள் படிப்பை ஒரு முறை உறுதி செய்துகொண்டார். "மண்ணப் பத்திப் படிக்கிறீங்கன்னு சொன்னீங்கல்ல?" ஆமா என்றோம், கொஞ்சம் கெத்தாகவே. "அப்ப இதப் பாத்துச் சொல்லுங்க." வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். போன வருஷம் செய்த ஒரு குதிரைக் கழுத்து. சூளையில் நன்றாகத்தான் வெந்திருக்கிறது. வெளியே எடுத்து ஒரு வாரம் கழித்து, மழை ஈரத்தில், மேல்பரப்பு வட்ட வட்டமாகப் பெயர்ந்துவிட்டது. அம்மை போட்ட முகம் மாதிரி. அவர் காலத்தில் இப்படி நடந்ததே இல்லையாம். கண்மாயில் ஜேசிபி விட்டுத் தோண்டியதற்கு அப்புறம்தான் இப்படி என்றார். "மேல வண்டல், அதுக்குக் கீழ களி, அதுக்கும் கீழ சுக்கான். நாங்க வெட்டுனா களியோட நிப்பாட்டிருவோம். மிஷினு எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிருச்சு."

மண் எடுக்க அனுமதி பிரச்சினையா என்றும் கேட்டோம். 2024ல் தமிழக அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி குளங்களில் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று எளிதாக்கியது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. அனுமதி கிடைக்கும், மண்ணுதான் கிடைக்காது என்றார்.

ஒரு ஜவுளிக்கடைப் பையில் ரெண்டு கிலோ மண்ணைக் கட்டிக் கொடுத்தார். காசு வேணுமா தாத்தா என்று கேட்டதற்கு, "ரிசல்ட்டச் சொல்லுங்க, போதும்."

அந்தப் பை ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் ஜூலை வரை கிடந்தது. லேப் திறக்கவில்லை, அப்புறம் திறந்தும் இன்டர்னல் வந்தது, அப்புறம் சிம்போசியம் வந்தது. வாழும் வரலாற்றை ஸ்டேட்டஸில் போட எங்களுக்கு நாலு நிமிஷம். அவர் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைச் செய்ய ரெண்டரை மாசம். கடைசியில் ஒரு சனிக்கிழமை லேப் அண்ணனைக் கெஞ்சி உள்ளே போனோம். லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட் எல்லாம் போட்டோம். நம்பர் வந்தது, விடை வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த லேப் அண்ணன், "டேய், சுக்கான்னுதானே சொன்னார் அவர்? அதுல ரெண்டு சொட்டு ஆசிட் விடுங்கடா" என்றார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட்டதும் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் இருந்த இடமெல்லாம் சுர்ரென்று நுரைத்தது.

சுண்ணாம்புக் கல். சூளைச் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. வெளியே வந்ததும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து நீறுகிறது, ஊதுகிறது, மேலே இருக்கிற மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. செங்கல் பாடத்தில் 'சுண்ணாம்புக் கட்டிகள் இருந்தால் செங்கல் பிளக்கும்' என்று ஒரே வரியில் இருக்கும். ரெண்டு மார்க் கேள்வி. எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கண் முன்னால் அந்தப் பெயர்ந்த கழுத்தைப் பார்த்தபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

போன் போட்டு, ஒரு ஆராய்ச்சியாளர் தோரணையில் விளக்கினேன். அந்தப் பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "சுண்ணாம்பு நீறுற மாதிரின்னு சொல்லுங்க" என்றார். ஆமா தாத்தா. "அதத்தானே தம்பி நான் சுக்கான்னு சொன்னேன்."

உண்மைதான். ஆனாலும் சும்மா விடவில்லை. "சரி, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். மண்ணைத் தண்ணியில் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டினால் கட்டிகள் போய்விடும் என்றேன். பொடியாக இருக்கிற சுண்ணாம்பால் அவ்வளவு ஆபத்து இல்லை, கட்டிதான் வில்லன். ஒரு குதிரைக்கு எவ்வளவு மண் போகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அத்தனையையும் கரைத்து வடிகட்ட ரெண்டு ஆளுக்கு எத்தனை நாள் கூலி என்று அவரே மனக்கணக்குப் போட்டு, குதிரைக்கு வாங்குகிற காசில் அது கட்டாது என்றார். சுட்டு எடுத்த சூட்டோடு தண்ணியில் முக்குவது என்று செங்கலுக்கு ஒரு வழி உண்டு, அதையும் சொன்னேன். "குதிரைய எந்தத் தொட்டியில தம்பி முக்குறது?" நான் சொன்னது எதுவும் தப்பில்லை, எதுவும் உதவவும் இல்லை. அதற்குள் திருவிழாவும் முடிந்திருந்தது.

'இன்ஸ்பயர்' ஆவது பற்றி எனக்கு இப்போது இருக்கிற சந்தேகம் இதுதான். நாம் இன்ஸ்பயர் ஆகும்போது நம் பக்கம் ஏதோ வருகிறது: ஒரு சிலிர்ப்பு, ஒரு போட்டோ, இன்டர்வியூவில் சொல்ல ஒரு கதை. அவர் பக்கம் என்ன போகிறது? விருதுகள் வராமல் இல்லை. புதுச்சேரி வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கிடைத்தது, சந்தோஷம். ஆனால் எல்லா ஊர் வேளாருக்கும் பத்மஸ்ரீ கொடுக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது சுக்கான் கலக்காத களிமண், கூலி கட்டுகிற மாதிரி ஒரு சல்லடை, பிடிமண்ணோடு வருகிற நாலு பேர். முதல் ரெண்டும் நம் டிபார்ட்மென்ட் வேலை இல்லையா? ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு 'ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட்' என்று போன பேட்ச் ரிப்போர்ட்டையே தேதி மாற்றி பைண்ட் பண்ணுகிறோம். ஒரு மோட்டார், ஒரு அதிர்கிற சல்லடை, ஒரு சிமெண்டுத் தொட்டி. மண்ணைக் கரைத்து வடிக்க ஒரு எந்திரம். பெரிய ராக்கெட் எல்லாம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறோம். 'நாவல்டி என்ன?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பவும் கொடுப்போம்.

போன வாரம் தாத்தாவே போன் பண்ணினார். பேத்திக்கு சீட் கிடைத்துவிட்டதாம், எலக்ட்ரிக்கல். வாழ்த்துச் சொன்னேன். வைக்கப்போகும் நேரத்தில், "தம்பி, அந்த மண்ணுல மிச்சம் இருக்கா?" என்றார்.

முக்கால் கிலோ போல இருக்கும் தாத்தா என்றேன்.

"தூக்கிப் போட்டுறாதீங்க. வரும்போது எடுத்துட்டு வாங்க."

பை இப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. காய்ந்து போகாமல் இருக்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரூம்மேட் தண்ணி தெளிக்கிறான்.